குழி தோண்டுமுன் கிணற்றை எட்டிப் பாருங்கள்!

"இங்கே ஏது தண்ணீர்?"

தருமபுரி மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். மாரண்டஹள்ளியிலும் இதே பதில்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பஞ்சத்தைக் கண்ட மண் இது. 1906-ல் மொரப்பூரில் இருந்து தருமபுரிக்கு ஒரு சின்ன ரெயில் பாதை போட்டார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடிதான் இடைவெளி. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர உதவட்டும் என்று போட்ட பாதை. பிறகு அது ஓசூர் வரை நீண்டது. 1941-ல் நின்றும் போனது. பஞ்சத்துக்காக ரெயில் விட்ட சீமையில் வாழ்கிறவர்கள் தண்ணீரைத் தேடுவார்களா, தண்ணீருக்குப் பயப்படுவார்களா?

ஆகவே கார் ஷெட் கட்டும்போது தண்ணீரைப் பற்றி யாரும் நினைப்பது இல்லை. அங்கேதான் வினை தொடங்குகிறது.

வாசலில் வண்டி

தக்காளியும் தேங்காயும் விளையும் பகுதி இது. விளைந்ததைப் பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். "குட்டி யானை" என்று செல்லமாக அழைக்கிறோமே, அந்தச் சிறிய வேன் பல வீட்டு வாசலில் நிற்கிறது. டிராக்டர் நிற்கிறது. சில வீடுகளில் காரும் நிற்கிறது. கடன் வாங்கி வாங்கிய வண்டியை வெயிலில் விட மனம் வருமா? வீட்டை ஒட்டி நாலு கம்பம் நட்டு, தகரம் போட்டு, ஷெட் கட்டிவிடுகிறார்கள்.

வண்டி வேலை தெரிந்தவர் வீடாக இருந்தால், ஷெட்டின் நடுவே ஒரு குழியும் தோண்டுவார். வண்டியைக் குழிக்கு மேலே நிறுத்துவார். தான் உள்ளே இறங்கி நின்றுகொண்டு ஆயில் மாற்றுவார், கிரீஸ் வைப்பார், நட்டு முடுக்குவார். தரையில் படுத்துப் புரண்டு வேலை செய்ய வேண்டியது இல்லை. ஜாக்கி நழுவி வண்டி மேலே விழுமோ என்ற பயமும் இல்லை. மெக்கானிக்குகள் இந்தக் குழியைப் "பிட்" என்பார்கள். வசதியான ஏற்பாடுதான். அதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால், குழியை எப்போது தோண்டுகிறார்கள்? சித்திரையில்! மழை இல்லாத காலம். மண் வெட்ட வசதியான காலம். ஐந்து அடி தோண்டினாலும் மண் பொடிப் பொடியாக வருகிறது. "பார்த்தீர்களா, துளி ஈரம் இல்லை" என்கிறார் கொத்தனார். செங்கல் வைத்து, சிமெண்டு பூசி, வேலையை முடித்துவிடுகிறார்.

ஐப்பசி வருகிறது. குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். கார்த்திகை வருகிறது. முழங்கால் அளவு தண்ணீர்!

எங்கே இருந்து வந்தது?

124 குடம்

முதலில் மேலே பாருங்கள். ஷெட்டுக் கூரையைப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால், அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஷெட்டின் கூரை ஏறக்குறைய 18.6 சதுர மீட்டர். அதன்மேல் 10 சென்டி மீட்டர் மழை பெய்தால் 1,860 லிட்டர் தண்ணீர் விழும். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் எடுத்தால் 124 குடம்!

இந்த 124 குடமும் கூரையின் ஓரத்தில் ஒரே வரிசையாகச் சொட்டுகிறது. சுவரின் காலடியில் இறங்குகிறது. அங்கே இருந்து குழிக்கு நாலடி தூரம்தான்.

"பத்து சென்டி மீட்டர் மழை இங்கே எங்கே பெய்கிறது?" என்று கேட்கலாம். 2024-ம் ஆண்டை மறந்துவிடக் கூடாது. அந்த ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடற்கரையோடு போய்விடும் என்று நினைத்தோம். அது உள்ளே வந்தது. டிசம்பர் 2-ந் தேதி காலையில் கணக்கெடுத்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் மழை பெய்திருந்தது. தருமபுரி மாவட்டம் அரூரில் 33 சென்டி மீட்டர். ஊத்தங்கரையில் சாலை ஓரம் நிறுத்தி இருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துச் சென்ற காட்சியை நாடே பார்த்தது.

அந்த 50 சென்டி மீட்டர் நம்முடைய ஷெட்டின் மேல் பெய்தால்? 620 குடம்.

கூரைத் தண்ணீருக்குத் தகரத்தின் ஓரத்தில் ஒரு தூம்பு போதும். அதைக் குழாயில் பிடித்துத் தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடலாம். இதில் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. மழைநீர் சேமிப்பை 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். நல்ல சட்டம். ஆனால் சிலர் மழைநீர் சேமிப்புத் தொட்டியையும் வண்டிக் குழியையும் பக்கத்தில் பக்கத்தில் தோண்டிவிடுகிறார்கள்! ஒன்று தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதற்கு. மற்றொன்று தண்ணீர் வராமல் இருப்பதற்கு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எது ஜெயிக்கும்? சேமிப்புத் தொட்டியை வீட்டின் மறுபக்கம், தாழ்வான திசையில் வையுங்கள். மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிடும் தண்ணீருக்கும், கக்கூஸ் தொட்டிக்கும் இதே கணக்குத்தான்.

ஏறிக்கொண்டே போகும் சாலை

இரண்டாவது வழி, வாசல்.

வீடு கட்டும்போது வாசல் சாலையைவிட ஒரு அடி உயரமாக இருக்கும். பிறகு சாலைக்குத் தார் போடுகிறார்கள். நாலைந்து வருடம் கழித்து மறுபடியும் போடுகிறார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுப்பது இல்லை. அதன் மேலேயே போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் 5 சென்டி மீட்டர் ஏறினால் மூன்று தடவையில் அரை அடி! சாலை ஏறுகிறது, வீடு இறங்குகிறது. பெய்யும் மழை எல்லாம் வாசலைத் தேடி வருகிறது.

இது சாமானியர்களின் வெறும் புலம்பல் அல்ல. 2021-ல் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு இதற்காகவே உத்தரவு போட்டார். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போடவேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று அதில் கூறினார். உத்தரவு இருக்கிறது. உங்கள் தெருவில் தார் போட வரும்போது அதை எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. தார் காய்ந்த பிறகு சொல்லிப் பயன் இல்லை. பேரூராட்சி உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் பேசுவதற்கா இருக்கிறார்?

சாலைத் தண்ணீர் தரைக்குக் கீழே உள்ள இடத்தில் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடுமையான உதாரணம் உண்டு. 2024 ஜூலை 27-ந் தேதி, டெல்லி பழைய ராஜேந்திர நகரில், ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு நிலையத்தில் நடந்தது அது. நூலகம் தரைக்கு அடியில் இருந்தது. தெருவில் நின்ற மழை வெள்ளம் திடீரென்று உள்ளே பாய்ந்தது. படித்துக்கொண்டிருந்த மாணவர்களில் 3 பேர் வெளியே வர முடியாமல் மாண்டு போனார்கள். அது பெரிய நகரம், பெரிய கட்டடம். நம்முடையது சின்னக் குழி. ஆனால் மேட்டில் உள்ள தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். குழி சின்னதா பெரியதா என்று அது பார்ப்பது இல்லை.

ஷெட்டின் வாசலில் குறுக்கே ஒரு கை அகலத்துக்கு ஒரு வாய்க்கால் எடுத்து, அதன்மேல் இரும்புக் கம்பி வலை போட்டால், வரும் தண்ணீர் அதில் விழுந்து பக்கவாட்டில் போய்விடும். குழியின் வாயைச் சுற்றி இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு விளிம்பு கட்டுங்கள். இதில் இரட்டை லாபம் உண்டு. தண்ணீரையும் தடுக்கும். வண்டியின் சக்கரம் வழுக்கிக் குழிக்குள் இறங்காமலும் தடுக்கும்.

மண்ணுக்கு அடியில்

இனி மூன்றாவது வழி. ஏமாற்றுக்கார வழி இதுதான்.

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பூமி பாறைப் பூமி. மேலே செம்மண். அதற்குக் கீழே இற்றுப்போன பாறை. அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மழைத் தண்ணீர் செம்மண்ணில் இறங்கும். இற்ற பாறையில் ஊறும். கெட்டிப் பாறையில் இறங்க முடியாமல் அதன்மேல் தேங்கி நிற்கும். வெடிப்பு இருந்தால் அதன் வழியே நகரும். கிணறு வெட்டுகிறவர்கள் அந்த வெடிப்பைத்தான் ஊற்றுக்கண் என்பார்கள்.

மணல் பூமியில் தண்ணீர் ஆற அமர ஏறும். ஆற அமர இறங்கும். பாறைப் பூமி அப்படி அல்ல. பாறையில் தண்ணீர் தங்கும் இடம் கொஞ்சம். ஆகவே நாலு நல்ல மழை பெய்தால் கிணறு மளமளவென்று ஏறிவிடும். கோடையில் அடி தெரியும் கிணறு, கார்த்திகையில் கை எட்டும் உயரத்துக்கு வரும். விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அதே விவசாயி ஷெட் கட்டும்போது தன் கிணற்றை மறந்துவிடுகிறார்! கிணறு வேறு, குழி வேறு என்று நினைக்கிறார். இரண்டும் ஒரே மண்ணில் தோண்டிய பள்ளம்தானே! வீட்டுக் கிணற்றில் நாலடியில் தண்ணீர் நின்றால், பக்கத்தில் உள்ள ஐந்தடிக் குழியின் கதி என்ன?

எனவே, கொத்தனாரைக் கூப்பிடுமுன் கிணற்றை எட்டிப் பாருங்கள். கிணற்றின் உள்சுவரில் ஒரு கறை தெரியும். பாசி படிந்து காய்ந்த கோடு. நல்ல மழை வருடத்தில் தண்ணீர் நின்ற உயரம் அதுதான். அது தரையில் இருந்து பத்துப் பன்னிரண்டு அடி கீழே இருந்தால், தைரியமாகக் குழி தோண்டலாம். ஆறேழு அடியில் இருந்தால், யோசிக்க வேண்டும். நாலு அடியில் இருந்தால் குழியே வேண்டாம் என்பது நம் கட்சி.

கிணறு இல்லாத வீடா? கடப்பாரையால் ஆறடிக்கு ஒரு சின்னத் துளை போட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மூடி வையுங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாரத்துக்கு ஒரு முறை ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். ஒரு மழைக்காலம் பொறுத்திருந்தால், பிறகு காலம் எல்லாம் தண்ணீர் இறைக்கும் வேலை மிச்சம்.

மிதக்கும் தொட்டி

"கான்கிரீட் போட்டுவிட்டால் தண்ணீர் எப்படி வரும்?" என்று பணம் உள்ளவர்கள் கேட்பார்கள். அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

காலிக் குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். மேலே எழும்பும் அல்லவா? தண்ணீர் நிறைந்த மண்ணுக்குள் இருக்கும் காலிக் குழியும் ஒரு குடம்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். உள்ளே 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள ஒரு குழி. சுவரும் தளமும் 15 சென்டி மீட்டர் கனமான கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டின் எடை ஏறக்குறைய 7.7 டன். தரைமட்டம் வரை நிலத்தடி நீர் ஏறினால் அந்தக் குழியை மேலே தூக்கும் பலம் எவ்வளவு தெரியுமா? 9.2 டன்! பக்கத்து மண்ணின் பிடிப்பு மட்டும் இல்லாவிட்டால், முழுக் குழியும் எழும்பிவிடும். எழும்பாவிட்டால் தளம் வெடிக்கும்.

ஆகையால்தான் அடை மழைக்காலத்தில், சுற்றிலும் மண் ஊறி இருக்கும்போது, குழியில் உள்ள தண்ணீரை அவசரம் அவசரமாக மோட்டார் போட்டு இறைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அப்போது குழியை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மழை வெறித்து, கிணற்றுத் தண்ணீர் இறங்கிய பிறகு இறையுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள், அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஒரு அடி நீட்டிப் போடச் சொல்லுங்கள். அந்த நீட்டலின் மேல் நிற்கும் மண் குழியைத் தூக்கவிடாது.

செங்கல் மட்டும் வைத்துக் கட்டினால்? ஒரு செங்கல் 3 கிலோ எடை இருக்கும். அது அரை லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். சுவரில் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து விழும். உடனே கடையில் போய், தண்ணீர் புகாத பெயிண்டு என்று ஒரு டப்பா வாங்கி வந்து உள்பக்கம் அடிக்கிறார்கள். பலன் ஒரு மழைக்காலம்தான். தண்ணீர் சுவருக்கு வெளியே இருந்து அமுக்குகிறது. உள்ளே அடித்த பெயிண்டைப் பின்னால் இருந்து தள்ளி உரித்துவிடுகிறது. கசிவைத் தடுக்கும் பூச்சு சுவரின் வெளிப்பக்கம், மண்ணைத் தொடும் பக்கம் இருக்கவேண்டும். மண்ணைத் திரும்பத் தள்ளி மூடுமுன் செய்யவேண்டிய வேலை அது. பெரும்பாலும் கசிவது தளமும் சுவரும் சேரும் மூலைதான். தளத்தை இன்று போட்டுவிட்டுச் சுவரை அடுத்த வாரம் எழுப்பினால், அந்த இணைப்பு தண்ணீருக்குத் திறந்த கதவு.

ஈரம் எங்கே இருந்து வருகிறது என்று சந்தேகமா? ஒரு முழ பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் மண்ணில் இருந்து வருகிறது. தாளின் மேலே ஈரம் இருந்தால் அது காற்றில் இருந்து வருவது. காற்றில் வரும் ஈரத்துக்குச் சிமெண்டு வேண்டாம். எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல் போதும்.

உயிர் விஷயம்

தண்ணீர் நின்றால் ஸ்பானர் துருப்பிடிக்கும். அது போகட்டும். ஸ்பானர் வாங்கிக்கொள்ளலாம்.

ஈரக் குழியில் இறங்குகிறவரைப் பற்றிச் சொல்லவேண்டும். வண்டியின் அடிப்பக்கம் இருட்டாக இருக்கும். வீட்டுப் பிளக்கில் வயரைச் செருகி, ஒரு பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். வயரில் ஒட்டுப் போட்டிருக்கும். காலில் செருப்பு இருக்காது. தரை ஈரம். நாலு பக்கமும் ஈரச் சுவர். மேலே இரும்பு வண்டி. 230 வோல்ட் மின்சாரம் பாய இதைவிட வசதியான இடம் எது? ஈரக் குழிக்குள் வீட்டு மின்சாரம் போகவே கூடாது. பேட்டரியில் எரியும் கைவிளக்கு இன்று எந்த எலெக்ட்ரிக் கடையிலும் கிடைக்கிறது. நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கும் கிடைக்கிறது. ஷெட்டுக்கு வரும் இணைப்பில், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக அணைந்துவிடும் சுவிட்சைப் பொருத்தச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன்களுக்கு அது தெரியும். "ஆர்.சி.சி.பி." என்று கேட்டால் போதும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நாலு மடங்கு கனமானது. அது மேலே போகாது. தரையோடு ஊர்ந்து வந்து, குழிக்குள் இறங்கி, தண்ணீர் போலவே தேங்கும். குழியில் தண்ணீரும் நின்றால் கேட்கவே வேண்டாம். சொட்டும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதக்கும். அகலமாகப் பரவும். வேகமாக ஆவியாகும். ஒரு பீடித் துண்டு போதும். ஒரு பல்பு உடைந்தால் போதும். காஸ் வண்டிகளில் போடும் எல்.பி.ஜி. வாயுவும் காற்றைவிடக் கனமானதுதான்.

மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டுக் குழிக்குள் இறங்குவதும் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலை சுற்றும், தூக்கம் வருவது போல் இருக்கும். குழிக்குள் இருப்பவர் ஏறி வருவதற்குள் காலில் பலம் போய்விடும். அப்பா குழிக்குள் மயங்கி விழுந்தால் மகன் உடனே இறங்கிவிடக் கூடாது. என்ஜினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, ஆட்களைக் கூப்பிடவேண்டும். 108-க்குப் போன் செய்யவேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் போவது இப்படித்தான்.

வீட்டில் உள்ள தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. குழியின் மேல் எப்போதும் பலகை மூடி இருக்கவேண்டும். 2019 அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், மூடாத ஆழ்துளைக் கிணற்றில் 2 வயதுக் குழந்தை விழுந்ததையும், நாலு நாள் தமிழ்நாடே தூங்காமல் காத்திருந்ததையும், குழந்தை பிணமாகக் கிடைத்ததையும் மறக்க முடியுமா? வீட்டுக்குள் இருக்கும் குழிக்கும் மூடி வேண்டும். வண்டி வெளியே போனதும் பலகையைப் போடுங்கள்.

மூடிய குழி என்றாலும் உள்ளே தண்ணீர் நின்றால் கொசு பெருகும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு, முட்டையில் இருந்து கொசுவாக ஆக ஏழெட்டு நாள் முதல் பத்து நாள் வரைதான் ஆகிறது. குழி காய்ந்தால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். சுவரில் ஒட்டிய முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். தண்ணீரை இறைத்த பிறகு சுவரைத் தென்னந் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால்தான் முட்டை போகும்.

இறைத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது? ஆயில் கலந்த தண்ணீரைச் சாக்கடையிலோ, தென்னைமரப் பாத்தியிலோ விடாதீர்கள். அது சுற்றி வந்து உங்கள் கிணற்றில்தான் சேரும். குழியின் ஒரு மூலையில் ஒரு அடிக்கு ஒரு அடி பள்ளம் எடுத்து, தளத்தை அந்தப் பக்கம் சரித்து வையுங்கள். தண்ணீர் அங்கே கூடும். மேலே மிதக்கும் ஆயிலை முதலில் மொண்டு டப்பாவில் ஊற்றி, பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுத்துவிடலாம்.

தோண்டாமல் ஒரு வழி

பள்ளத்தில் இவ்வளவு தொல்லை இருக்கிறது. மேட்டில்?

சாலை ஓரங்களில் வண்டி கழுவும் நிலையங்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சாய்வு மேடை கட்டி, வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, ஆள் கீழே நின்று கழுவுவார். அதே மேடையை வீட்டிலும் கட்டலாம். கருங்கல்லும் சிமெண்டும் போதும். கருங்கல்லுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சம் இல்லை. மேடையில் தண்ணீர் தேங்காது. பெட்ரோல் ஆவி தேங்காது. குழந்தை உள்ளே விழாது. கான்கிரீட் மிதக்காது. கூரை கொஞ்சம் உயரமாக வேண்டும். வண்டி ஏற இடமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மேடையின் ஓரத்தில் சக்கரம் தவறாமல் இருக்க ஒரு வரம்பும், முன்னே ஒரு தடுப்பும் கட்டாயம் வேண்டும். இவ்வளவுதான் செலவு.

கிணற்றில் நாலடியில் தண்ணீர் நிற்கும் வீட்டுக்கு இதுதான் சரி. கொத்தனாருக்குக் குழி கட்டினால் கூலி அதிகம். ஆகவே அவர் இதைச் சொல்லமாட்டார்.

பெரிய ஊர்களில் இந்த யோசனை இல்லாமல்தான் அல்லல்படுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை அடுக்குமாடி வீடுகளின் தரைக்கடியில் நிறுத்தி இருந்த கார்கள் கூண்டோடு முழுகின. 2023 டிசம்பர் 4-ந் தேதி, மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் கட்டடம் கட்டத் தோண்டி இருந்த பெரும் பள்ளம் சரிந்தது. உள்ளே விழுந்த 2 பேரின் உடலை மீட்கவே நாலு நாள் ஆயிற்று. அங்கே மனைக்கு விலை அதிகம், கீழே போகிறார்கள். மாரண்டஹள்ளியில் மேலே எழுப்ப இடம் இருக்கிறதே!

ஏற்கெனவே குழி தோண்டி, தண்ணீரும் வந்துவிட்டவர்கள் என்ன செய்வது? முதலில் கூரைக்குத் தூம்பு போடுங்கள். வாசலில் வாய்க்கால் எடுங்கள். இந்த இரண்டுக்கும் செலவு குறைவு, பலன் அதிகம். அப்படியும் தண்ணீர் வந்தால் அது கீழே இருந்து வருகிறது என்று பொருள். அப்போது குழியின் ஆழத்தைக் குறைக்க வேண்டியதுதான். அடியில் ஜல்லி போட்டு, அதன்மேல் கான்கிரீட் தளத்தை ஒன்றரை அடி உயர்த்துங்கள். நின்று செய்த வேலையை முக்காலியில் உட்கார்ந்து செய்யலாம். அதுவும் முடியாத வீட்டில், குழியை மண் போட்டு மூடிவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மழைக்காலம் முடிந்து, தை பிறக்குமுன், ஒரு காரியம் செய்துவையுங்கள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, கல் தண்ணீரைத் தொடும் இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுங்கள். தரையில் இருந்து அந்த முடிச்சு எத்தனை அடி என்று அளந்து, தேதியோடு ஷெட்டுச் சுவரில் கரியால் எழுதுங்கள். அடுத்த சித்திரையில் கொத்தனார் வந்து, "துளி ஈரம் இல்லை" என்று சொல்லும்போது, அந்தச் சுவரைக் காட்டுங்கள்.